முன்வாசல்

அன்புள்ள ஐயா,

மெம்ஃபிஸிலிருந்து தெற்கே போகும் வழியில், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்கள் தாங்களே எழுப்பிய ஊர் என்று நீங்கள் உரையில் சொன்ன மவுண்ட் பையுவில் இறங்கினேன். பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டேன். ஊரை நிறுவிய மான்ட்கோமெரி, 1890இல் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்த மிசிசிப்பி அரசியல் சட்டத்தை ஆதரித்தவராமே? அந்த ஊரை ஏன் கொண்டாட வேண்டும்?

ர.

அன்புள்ள ர.,

பத்து நிமிடமா? அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. 1887இல் ஐசையா மான்ட்கோமெரியும் பெஞ்சமின் கிரீனும் ஆட்களோடு வந்தபோது அங்கே இருந்தது சதுப்புக் காடு. இருவருமே அடிமைகளாக இருந்தவர்கள். மரம் வெட்டி, நிலம் திருத்தி, பருத்தி போட்டு எழுப்பிய ஊர் அது. காரை ஒரு மணிநேரம் நிறுத்தியிருக்கக் கூடாதா?

1890இல் மான்ட்கோமெரி செய்தது தவறு. ஊரைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார் என்பார்கள், நான் ஒப்பமாட்டேன். சரி, அது இருக்கட்டும். ஊர் அவர் ஒருவருடையதா என்ன?

சில நாட்களாக நான் நினைத்துக்கொண்டிருப்பது அங்கே இருந்த டேபோரியன் மருத்துவமனையைப் பற்றி. 1942இல் திறந்தார்கள். கட்டியது அரசாங்கமோ பெரிய செல்வந்தரோ அல்ல. டேபோர் சங்கம் என்ற கறுப்பின மக்களின் பரஸ்பர உதவிச் சங்கத்து உறுப்பினர்கள், அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்துப் பிறர் நிலத்தில் பருத்தி பயிரிட்டவர்கள், வீட்டுவேலை செய்த பெண்கள், சேர்த்த காசு. தொடக்க ஆண்டுகளில் சந்தா ஆண்டுக்குப் பத்து டாலருக்கும் குறைவு. அதைக் கட்டியவர்களுக்கு அறுவை சிகிச்சையும் உண்டு. அறுவை அரங்கு, எக்ஸ்ரே, குறைமாதக் குழந்தைகளுக்கான இன்குபேட்டர் எல்லாம் இருந்தன. மிசிசிப்பியின் டெல்டா பகுதியிலிருந்த மற்ற மருத்துவமனைகள் கறுப்பினத்தவரைச் சேர்ப்பதே அரிது. சேர்த்தாலும் பக்கவாசல், தனி வார்டு. இங்கே அவர்கள் முன்வாசல் வழியாக உள்ளே போனார்கள்.

எங்கள் பாட்டி உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போடுவாள். பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டுக்கு. வீட்டில் அரைவயிறு என்றாலும் அந்தப் பிடி குறையாது. "இன்னிக்கு விட்டா நாளைக்கும் விட்டுரும்" என்பாள். மவுண்ட் பையுவின் சந்தாவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பானைதான் எனக்குக் கண்ணில் வருகிறது.

மருத்துவமனையின் முதல் தலைமை அறுவை மருத்துவர் டி.ஆர்.எம். ஹோவர்ட். பிறகு அவர் தொடங்கிய காப்பீட்டு நிறுவனத்தில், 1952இல், ஓர் இளைஞர் முகவராகச் சேர்ந்தார். பாலிசி விற்கக் குடிசை குடிசையாக ஏறி இறங்கி டெல்டாவின் வறுமையை நேரில் பார்த்தார். கழிவறையைப் பயன்படுத்த விடாத இடத்தில் பெட்ரோல் வாங்காதே என்று ஹோவர்டின் அமைப்பு நடத்திய போராட்டத்திலும் இறங்கினார். அவர்தான் பின்னாளில் குடியுரிமைப் போராட்டத் தலைவரான மெட்கர் எவர்ஸ். 1963இல் ஜாக்சனில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். பூட்டிய கடைகளை எண்ணினீர்களே, இதை யாரிடமாவது கேட்டீர்களா?

கோபித்துக்கொண்டேன், வருத்தப்படாதீர்கள். பெயர் கேட்டதுமே வண்டியைத் திருப்பிப் போனீர்களே, அது எல்லோரும் செய்வதில்லை. அடுத்த முறை போனால் அந்த மருத்துவமனைக் கட்டடத்தின் முன் கொஞ்சம் நில்லுங்கள். கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காகப் போராடிய ஃபேனி லூ ஹேமருக்கு 1961இல் கட்டி அகற்றப் போன இடத்தில், அவரைக் கேட்காமலேயே கருப்பையை எடுத்துவிட்டார்கள். வேறோர் ஊரில். 1977இல் அவர் கடைசியாகக் கண்மூடியது மவுண்ட் பையு மருத்துவமனையில்.