கொள்ளுப்பாட்டியின் பெயரை வைத்து நமக்குரிய டார்ட்டனைக் கண்டறிவது எப்படி?

டார்ட்டன் என்பது ஸ்காட்லாந்தில் குலத்தையோ வட்டாரத்தையோ குறிக்கும் பல வண்ணக் கட்டத் துணி வடிவம். உங்களுக்குரியதைக் கண்டறிய, ஸ்காட்லாந்தில் பிறந்த கொள்ளுப்பாட்டியின் குடும்பப் பெயர் மட்டும் தெரியும் என்கிறீர்கள். அதுவே நல்ல தொடக்கம். ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் பராமரிக்கும், 2009 முதல் இயங்கிவரும் டார்ட்டன் பதிவேட்டில் அப்பெயரை இணையம் வழியாகவே தேடலாம். அகப்படாவிட்டால், அது ஏதேனும் பெரிய குலத்தைச் சார்ந்த கிளைப் பெயரா என்று பாருங்கள்; அதுவும் இல்லையெனில், அவர் பிறந்த ஊரைத் தேவாலய ஞானஸ்நானப் பதிவில் கண்டறிந்து, அந்த வட்டாரத்துக்குரிய டார்ட்டனைத் தேர்ந்தெடுப்பதே, என் பார்வையில், மிக நேர்மையான வழி. ஏனெனில் குலத்துக்கு ஒரு கட்டம் என்ற வழக்கமே, 1822இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்ததையொட்டிய காலத்தில்தான் ஆழமாக வேரூன்றியது. அதற்கு முன் நெசவாளரின் ரசனையும் கைக்கெட்டிய சாயமுமே பெரும்பாலும் வடிவத்தைத் தீர்மானித்தன. எதுவும் பொருந்தாவிட்டால், கருநீலமும் கரும்பச்சையும் கறுப்பும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பிளாக் வாட்ச் என்ற ஸ்காட்லாந்துப் படைப்பிரிவின் டார்ட்டனை எவரும் தயக்கமின்றி அணியலாம்.