பிரிந்த இசைக்குழு சேரும் இரவு: நேரலையைத் தடங்கலின்றிப் பார்க்க

கேள்வி: இருபது வருடங்களுக்கு முன் பிரிந்த ராக் இசைக்குழு ஒன்று இங்கிலாந்தில் மறுபடி மேடையேறுகிறது. கட்டண நேரலைக்கு டிக்கெட் எடுக்கட்டுமா, பிறகு வீடியோ வரட்டும் என்று பொறுக்கட்டுமா? போன தடவை ஒரு நேரலை பாட்டின் நடுவே நின்று நின்று வந்தது.

பதில்: எடுத்துவிடுங்கள். லெட் செப்பலின் என்ற ராக் குழு 2007 டிசம்பர் 10 அன்று லண்டனில் ஒன்றுசேர்ந்து வாசித்த கச்சேரி, படமாக வெளிவர 2012 ஆயிற்று. பிளாக் சப்பாத் என்ற இன்னொரு ராக் குழுவின் ஆதி நால்வர் 2005க்குப் பிறகு, 2025 ஜூலை 5 அன்றுதான் பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் சேர்ந்து மேடையேறினார்கள். நான்கே பாடல்கள். பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் எழுந்து நிற்க முடியாமல் சிம்மாசனம் போன்ற இருக்கையில் அமர்ந்தே பாடினார். 17 நாளில் அவர் காலமானார். அதை அன்றிரவே பார்த்தவர்களுக்குக் கிடைத்தது, பின்னால் எந்தப் பதிவிலும் கிடைக்காது.

முதலில் நேரத்தைச் சரிபாருங்கள். கோடையில் இங்கிலாந்து கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பதால் நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை அல்ல, நாலரை மணி நேரம்தான் வித்தியாசம். டிக்கெட்டை முதல் நாளே வாங்குங்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருந்தால் பணம் போகாது. வங்கிச் செயலியில் அதை இயக்கி வையுங்கள். உங்கள் நாட்டில் நேரலை உண்டா, மறுபடி பார்க்க எத்தனை மணி நேரம் தருகிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தத் தடங்கல். நேரலை சில வினாடித் துண்டுகளாக வருகிறது. பிளேயர் இரண்டு மூன்று துண்டுகளைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு ஓட்டும். அது தீர்ந்தால் பாட்டு நிற்கும். பதற்றத்தில் ரெஃப்ரெஷ் அழுத்தினால் இருக்கிற கையிருப்பும் போய்விடும். பெரும்பாலும் குற்றவாளி வீட்டு வைஃபைதான். ரவுட்டரிலிருந்து டிவிக்கு லேன் கேபிள் இழுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். அப்படியும் திணறினால் படத் தரத்தை 1080இலிருந்து 720க்குக் குறையுங்கள். மொத்தத் தரவில் ஒலிக்குப் போவது மிகச் சிறிய பங்கு, மீதி எல்லாம் படத்துக்குத்தான். படம் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை, டிரம்ஸ் அடி தப்பக் கூடாது.

வாட்ஸ்அப்பை மூடி வையுங்கள். வழக்கமான நேரலையே அரை நிமிடம் வரை பிந்தும்; சப்பாத் நேரலையை இரண்டு மணி நேரம் தாமதித்தே ஒளிபரப்பினார்கள். அரங்கில் இருப்பவர் அடுத்த பாட்டைச் சொல்லிவிட்டால் அந்த முதல் கித்தார் ஒலியின் சிலிர்ப்பு போய்விடும்.

அப்புறம் ஒலி. டிவியின் சன்னமான ஸ்பீக்கரில் பேஸ் கித்தார் காதிலேயே விழாது. சுமாரான ஒயர் ஹெட்ஃபோன்கூட அதைவிட நன்றாகக் கேட்கும்.