டியூப் லைட்டை உடைக்காதீர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தீபாவளிக்கு வீடு கழுவத் தொடங்கினாலே டியூப் லைட் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை பாதிக்கு மேல் அதுதான். அதனால் வயரிங், பிரேக்கர் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டேன்.

வீடு முழுக்க எல்இடி மாற்றிவிட்டோம். கழற்றிய பழைய டியூப் பத்துப் பன்னிரண்டு ஸ்டோர் ரூமில் இருக்கிறது. குப்பைத் தொட்டியில் போடலாமா? (புக்கிட் மெர்தாஜாம்)

போடாதீர்கள் அம்மா. ஒவ்வொரு டியூபுக்குள்ளும் கொஞ்சம் பாதரசம் இருக்கிறது. அது ஆவியாகி மின்சாரம் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரைத்தான் கொடுக்கும். உள்பக்கம் பூசியிருக்கும் வெள்ளைப் பொடி அதை நாம் பார்க்கும் வெளிச்சமாக மாற்றுகிறது. பாதரசம் இல்லாமல் இந்த விளக்கு எரியாது. கடந்த சில ஆண்டுகளில் வந்த மெல்லிய டி8 குழாயில் மூன்று முதல் ஐந்து மில்லிகிராம் இருக்கும். அப்பா காலத்துத் தடித்த டி12 குழாயில் இருபது, சிலவற்றில் நாற்பதுகூட இருக்கும்.

உடையாத வரைக்கும் அதனால் உங்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை. பயந்துகொண்டு அவசரமாக எங்கேயாவது கொண்டுபோய்த் தள்ள வேண்டாம். நகராண்மைக் கழகத்துக்கோ, மின்கழிவு சேகரிக்கும் மையத்துக்கோ முதலில் போன் போடுங்கள். "மின்கழிவு எடுப்பீர்களா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். "நாலடி டியூப் லைட் எடுப்பீர்களா" என்று கேளுங்கள். சில இடங்களில் டிவி, கணினி, கைபேசி மட்டும்தான் வாங்குவார்கள். டியூபைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பி வருகிறவர்கள்தான் வழியில் உடைக்கிறார்கள். கேட்டுவிட்டுப் போங்கள்.

டியூப் கண்ணாடிதானே? மறுசுழற்சித் தொட்டியில் போத்தல்களோடு சேர்த்துப் போடலாமா? (செராஸ்)

கூடாது. போத்தல் கண்ணாடி உருக்குகிற உலைக்குப் பாதரசம் போகும். தொட்டியில் கைவிட்டுப் பிரிக்கிறவர் கையையும் கிழிக்கும்.

மகன் அறையில் பந்து பட்டு டியூப் உடைந்துவிட்டது. உடனே ஏர்கோன் போட்டுவிட்டு வேக்குவம் வைத்து நன்றாக இழுத்துவிட்டேன். இனி ஒன்றும் பயமில்லையே? (செந்தூல்)

ஐயா, போன வருடமும் இதே பகுதியில் எழுதினேன், அதற்கு முந்தின வருடமும் எழுதினேன்: உடைந்த டியூபுக்கு வேக்குவம் வேண்டாம். வேக்குவம் பாதரசத்தைப் பிடித்து வைக்காது. பொடியை உள்ளே இழுத்து, பின்பக்கத்துக் காற்றோடு அறை முழுக்கத் தெளிக்கும். ஏர்கோன் போட்டது இன்னொரு தவறு. சுவரில் மாட்டும் ஏர்கோன் அறைக் காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிறது, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை.

இப்போது செய்ய வேண்டியது: வேக்குவத்தின் பையையோ டப்பாவையோ வெளியே திறந்த இடத்தில் எடுத்துக் காலி செய்யுங்கள். டப்பாவை ஈரத் துணியால் துடைத்து, தூசியையும் துணியையும் ஒரு பையில் கட்டி, அதை இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டுங்கள். மகன் அறையின் ஜன்னல்களைச் சில நாளைக்குத் திறந்தே வையுங்கள். ஒரு டியூப் உடைந்ததால் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிடும் என்று தூக்கம் கெட வேண்டாம். பழைய காய்ச்சல் மானியில் ஒரு டியூபில் இருப்பதைப்போல் நூறு மடங்கு பாதரசம் இருந்தது.

அடுத்த முறைக்காக எல்லோருமே இதைப் படித்துக்கொள்ளுங்கள். உடைந்ததும் பிள்ளைகளையும் பூனையையும் வெளியே அனுப்புங்கள். ஏர்கோனை அடைத்து, ஜன்னலைத் திறந்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு நீங்களும் ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே இருங்கள். அப்புறம் கையுறை போட்டுக்கொண்டு இரண்டு கனத்த அட்டைத் துண்டுகளால் கண்ணாடியை வாரி, மூடி இறுகும் ஊறுகாய் போத்தலில் போடுங்கள். தூள் தூளாகக் கிடப்பதைச் செலோடேப்பின் ஒட்டும் பக்கத்தால் ஒற்றி எடுங்கள். கடைசியாக ஈரத் தாளால் துடைத்து அந்தத் தாளையும் போத்தலில் போட்டு மூடி, வீட்டுக்கு வெளியே வையுங்கள். துடைப்பம் வேண்டாம். அதில் பொடி ஒட்டிக்கொண்டால் நாளைக்குச் சமையலறை வரைக்கும் இழுத்துக்கொண்டு போவீர்கள். கண்ணாடித் தூள் கொட்டிய போர்வையை வாஷிங் மெஷினில் போடாதீர்கள்.

என் விளக்கு எரியவில்லை. தூக்கிப் போடலாமா? (கோலாலம்பூர்)

எந்த விளக்கு? குழலா, குண்டா, எல்இடியா? கடிதத்தில் அது இல்லை. தெரிந்துகொள்ள வழி சொல்கிறேன். உள்ளே கம்பி தெரியும் பழைய குண்டு பல்பிலும் ஹாலஜனிலும் பாதரசம் கிடையாது. தாளில் சுற்றிச் சாதாரணக் குப்பையில் போடலாம். வெள்ளைக் கண்ணாடிக் குழாய், நேராக இருந்தாலும் சரி, வட்டமாக இருந்தாலும் சரி, குடல் மாதிரிச் சுருண்டு இருந்தாலும் சரி, பாதரசம் உண்டு. எல்இடியில் பாதரசம் இல்லை, ஆனால் உள்ளே மின்னணுப் பலகை இருப்பதால் மின்கழிவோடு போக வேண்டும். கழற்றிய விளக்கின் கழுத்திலோ நுனியிலோ அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டு எழுதுங்கள். வட்டத்துக்குள் எச்ஜி என்ற எழுத்து இருந்தால் அது பாதரசத்தின் குறி.

டியூப் நீளமாக இருப்பதால் குப்பைப் பைக்குள் அடங்கவில்லை. சாக்குக்குள் வைத்து உடைத்துப் போட்டால் பாதுகாப்புதானே? நாங்கள் 14-ஆவது மாடியில் இருக்கிறோம். குப்பைக் குழாயில் போட்டாலும் கீழே போய்த்தானே சேருகிறது? (கெப்போங்)

இந்தக் கேள்வியை எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டிருக்கிறீர்கள்! சாக்கு, தலையணை உறை, பழைய கைலி, பிளாஸ்டிக் வாளி என்று ஒவ்வொருவரும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: உடைக்காதீர்கள். சாக்கு கண்ணாடியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. நம் ஊர் வெயிலில் பாதரசம் தானாகவே ஆவியாகும், அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. குனிந்து சாக்கின் வாயைக் கட்டுகிறவர் முகத்துக்கு நேராகத்தான் அது வருகிறது.

குப்பைக் குழாயில் போடுவது இன்னும் மோசம். பதினான்கு மாடி உயரத்திலிருந்து விழுகிற குழாய் அடியில் சிதறும்போது அங்கே யாராவது நிற்கிறாரா என்று உங்களுக்கு மேலிருந்து தெரியாது. ஒரு கொண்டோவில் மின் வேலைக்காகக் கீழ்த்தளக் குப்பை அறைப் பக்கம் போனபோது ஒரு தொழிலாளியைப் பார்த்தேன். பெரிய தொட்டியின் மூடி சாத்தவில்லை என்று, வெளியே நீட்டிக்கொண்டிருந்த டியூபுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டி விளிம்பில் வைத்து முறித்துக்கொண்டிருந்தார். கையுறை இல்லை, முகமூடி இல்லை. முழங்கை வரைக்கும் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது, புருவத்திலும் இருந்தது. அறைக்கு ஜன்னல் கிடையாது. "வேண்டாம் தம்பி" என்றதும் நிறுத்திவிட்டு, "அப்போ எங்கே வைக்கச் சொல்றீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவருக்கு ஓர் இடம் காட்ட வேண்டியது நிர்வாகம். நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது அந்தக் கட்டடத்தில் குடியிருக்கிற நாம்.

அங்கே தப்பித்தால் லோரியில் நசுங்கும். குப்பை லோரியின் பின்பக்கம் அழுத்துகிற இயந்திரம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் தொற்றிக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்கிறவர்கள் ஒரு வீட்டு டியூபை மட்டும் சுவாசிப்பதில்லை, தாமான் முழுக்கப் போட்ட டியூபையும் சுவாசிக்கிறார்கள். அப்புறம் அது குப்பை மேட்டுக்குப் போகிறது. கோலாலம்பூர்க் குப்பை புக்கிட் தாகாருக்கு, பினாங்குக் குப்பை பூலாவ் பூரோங்கிற்கு. 2022 ஜனவரியில் பூலாவ் பூரோங் மேடு பற்றி எரிந்து நிபோங் திபால் பக்கம் புகை மூடியதைப் பார்த்தோம். மேட்டில் பாதரசம் கிடந்தால் புகையோடு அதுவும் கிளம்பும். எரியாமல் கிடந்தால் மழைத் தண்ணீரோடு ஆற்றுக்கும் கடலுக்கும் இறங்கும். சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற கொடிய நச்சாக மாற்றும். சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு அது சேர்ந்துகொண்டே போகும். ஜப்பானில் மினமாத்தா ஊரில் 1956-இல் நோயாக வெளிப்பட்டது இந்த மெத்தில் பாதரசம்தான். அங்கே அதைக் கடலில் விட்டது ஒரு தொழிற்சாலை, டியூப் லைட் அல்ல. அந்த அளவும் வேறு. ஆனால் மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காத நாம், கர்ப்பிணிப் பெண்கள் இருக்கிற வீடுகளில் இருந்துகொண்டு, இதில் நம் பங்கையும் சேர்க்க வேண்டுமா?

கோலாலம்பூரில் 2015 செப்டம்பரிலிருந்தும், பினாங்கில் 2016 ஜூனிலிருந்தும் குப்பையைப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். தாளையும் டின்னையும் பிரிக்கப் பழகிவிட்டோம். டியூபையும் பிரித்து வைக்க முடியும். உங்கள் அடுக்குமாடி நிர்வாகக் குழுவிடம் ஒரு மூலையில் நீள அட்டைப் பெட்டி வைக்கச் சொல்லுங்கள். நிறைந்ததும் உரிமம் பெற்ற ஆளைக் கூப்பிட்டு மொத்தமாக அனுப்பட்டும். அடுத்த கூட்டத்தில் கை தூக்கிக் கேளுங்கள்.

டியூப் கண்ணாடி குத்தினால் புண் ஆறவே ஆறாது என்று பாட்டி சொல்வார். உண்மையா? (ஜெலுத்தோங்)

பாட்டி காலத்தில் அதில் உண்மை இருந்தது. 1940-களின் டியூப் பொடியில் பெரிலியம் சேர்ந்திருந்தது. அது காயத்துக்குள் போனால் புண் கட்டிக்கொண்டு ஆற மறுக்கும். 1949 வாக்கில் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் அதைக் கைவிட்டார்கள். இன்றைய டியூப் கண்ணாடி மற்றக் கண்ணாடியைப் போலத்தான் வெட்டும். இருந்தாலும் காயத்தைத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். துண்டு உள்ளே நின்றால் கிளினிக்குக்குப் போங்கள்.

நுனி கறுத்துப் போயிருக்கிறது. பாதரசம் கசிகிறதா? (பிரிக்பீல்ட்ஸ்)

இல்லை. மின்முனையின் பூச்சு தேய்ந்து கண்ணாடியில் படிந்த கறை. டியூப் முடியப்போகிறது என்று அர்த்தம். மாற்றுங்கள்.

பழைய சோக்கும் ஸ்டார்ட்டரும் நிறைய இருக்கின்றன. பழைய இரும்பு வாங்குபவர் எடுப்பாரா? (பிறை)

சோக்கில் செம்பும் இரும்பும் இருப்பதால் எடுப்பார். ஸ்டார்ட்டரை மின்கழிவோடு கொடுங்கள். ஆனால் டியூப் மாட்டும் விளக்குச் சட்டம் 1980-க்கு முந்தியதாக இருந்தால் அதிலுள்ள கெப்பாசிட்டரில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்கலாம். எண்ணெய்ப் பிசுக்குத் தெரிந்தால் வெறும் கையால் தொடாதீர்கள், இரும்போடு சேர்க்காதீர்கள், கட்டித் தனியாக வையுங்கள். கழற்றும் முன் சுவிட்சை மட்டும் நம்பாமல் மெயின் பெட்டியில் பிரேக்கரை இறக்குங்கள். இதையும் எத்தனையோ தடவை எழுதிவிட்டேன்.

கோயில் மண்டபத்தில் அறுபது டியூபுக்கு மேல் மாற்றுகிறோம். குத்தகையாளர் தானே எடுத்துப் போகிறேன் என்கிறார். விட்டுவிடலாமா? (பட்டர்வொர்த்)

எங்கே எடுத்துப் போகிறார் என்று கேட்டீர்களா? வீட்டில் ஒன்றிரண்டு டியூப் வைத்திருக்கிறவர் நிலை வேறு, அறுபது டியூப் கழற்றுகிற மண்டபம் வேறு. 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு (ஆபத்தான கழிவு) விதிகளின்படி பாதரசம் உள்ள கழிவுக்குக் குறியீடு எஸ்டபிள்யூ 109. அதை எடுக்கிறவர் சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். நெகிரி செம்பிலான் புக்கிட் நானாஸில் உள்ளதைப் போன்ற அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் அது போக வேண்டும். உரிமத்தின் நகலையும், பொருள் போய்ச் சேர்ந்ததற்கான ஆவணத்தையும் குழுச் செயலாளர் கோப்பில் வைக்கட்டும். அதுவரைக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டிப் பூட்டிய அறையில் வைக்கலாம். விதி 180 நாள் வரைக்கும் அனுமதிக்கிறது. காகிதம் காட்டாத குத்தகையாளர் போகிற வழியில் ஏதாவது புதரோரம் கொட்டினால், டியூப் வந்த இடம் உங்கள் மண்டபம்தான்.

கொடுக்கும் வரை டியூபை எப்படி வைப்பது? (ஆயர் ஈத்தாம்)

புது டியூப் வந்த அட்டை உறைக்குள் பழையதைச் செருகுங்கள். உறை இல்லாவிட்டால் பழைய நாளிதழில் சுற்றி நீளப் பெட்டியில் படுக்க வையுங்கள். கதவு மூலையில் நிறுத்தி வைக்காதீர்கள், ஒரு காற்று போதும். பத்துப் பன்னிரண்டை ரப்பர் வளையம் போட்டு இறுக்கிக் கட்டவும் வேண்டாம். ஒன்று உடைந்தால் மற்றதும் போகும். பெட்டியின் மேல் "டியூப், உடையும்" என்று பெரிதாக எழுதுங்கள், வேலைக்கு வருகிறவருக்கும் தெரியட்டும்.

டியூப் லைட் இனி வராது என்கிறார்கள். கடையில் மலிவாகப் போடுகிறார்கள், ஒரு பெட்டி வாங்கி வைக்கட்டுமா? (ஜார்ஜ்டவுன்)

வேண்டாம். வராது என்பது உண்மைதான். பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாத்தா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் கூடி, நீளக் குழல் விளக்குகளின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் முடித்துக்கொள்ள ஒத்துக்கொண்டன. சுருள் விளக்குக்கு 2025 என்று அதற்கு முன்பே முடிவாகிவிட்டது. இன்று இருபத்தைந்து டியூப் மலிவாக வாங்கினால், நாளைக்கு இருபத்தைந்து டியூபைக் கொடுக்க இடம் தேட வேண்டியவர் நீங்கள்தான். எல்இடிக்கு மாறினால் மின் செலவும் பாதிக்குப் பாதி: நாலடி டியூப் 36 வாட், சோக் குடிப்பது தனி. அதே வெளிச்சத்துக்கு எல்இடி 16, 18 வாட் போதும்.

பழைய விளக்குச் சட்டத்திலேயே எல்இடி டியூப் போடுவதாக இருந்தால், பெட்டிக்குள் வரும் எல்இடி ஸ்டார்ட்டரைத்தான் போட வேண்டும். பழைய ஸ்டார்ட்டரை அப்படியே விட்டுவிட்டுப் போடாதீர்கள். விளக்குச் சட்டத்தில் இருப்பது எலெக்ட்ரானிக் பாலஸ்ட் (மின்னணுச் சோக்) என்றால் நீங்கள் கை வைக்க வேண்டாம், வயர்மேனைக் கூப்பிடுங்கள். அவர் கழற்றுகிற பழைய டியூபை அவரிடமே தள்ளிவிடாமல், முன்னால் சொன்ன பெட்டியில் வாங்கி வையுங்கள்.