சென்னையில் பிஎச்.டி.யா, வெளிநாட்டிலா: எது மேல்?

எம்.எஸ்ஸி. வேதியியல் முடிக்கப் போகிறீர்கள். முனைவர் பட்டத்தைச் சென்னையிலேயே செய்வதா, அமெரிக்காவா, ஜெர்மனியா, எதற்கு மதிப்பு அதிகம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சென்னையில் முடித்தவன். என்னோடு எம்.எஸ்ஸி. படித்த நண்பன் ஜெர்மனியில் கோட்டிங்கனில் முடித்தான்.

முதலில் வருஷக் கணக்கு. அமெரிக்காவில் ஐந்தாறு வருஷம் என்றதும் பலர் மிரள்கிறார்கள். அங்கே நான்கு வருட இளநிலைப் பட்டத்தோடு நேராகச் சேரலாம். முதல் ஒன்றிரண்டு வருஷம் வகுப்பும், இளநிலை மாணவர்களுக்கு லேப் எடுப்பதுமாகப் போய்விடும். அப்புறம் தகுதித் தேர்வு. அதில் தேறாதவரை எம்.எஸ். பட்டத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவதும் உண்டு. ஜெர்மனியில் பொதுவாக முதுநிலை முடித்தவரைத்தான் எடுப்பார்கள், அதனால் மூன்று நான்கு வருஷம். நம் ஊரில் யூ.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி குறைந்தது மூன்று வருஷம். மூன்றே வருஷத்தில் முடித்தவரை நான் கண்ணால் கண்டதில்லை.

நமக்குச் சல்லடை வாசலிலேயே இருக்கிறது: சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. கிடைக்காவிட்டால் கைடின், அதாவது நம் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரின், ப்ராஜெக்ட் பணத்தை நம்ப வேண்டியதுதான். நண்பனுக்கு அங்கே முறையான வேலை ஒப்பந்தம். தாளில் பாதி வேலை, பாதிச் சம்பளம். லேபில் இருந்ததென்னவோ முழு நாளும்.

பெரிய வித்தியாசம் கடைசியில்தான். இங்கே தீசிஸைக் கொடுத்ததும் அது வெளித் தேர்வாளர்களுக்குப் போகும். என்னுடையதற்கு அறிக்கை வர எட்டு மாதம். ஐந்து வருஷ ஃபெலோஷிப் அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. அந்த எட்டு மாதமும் வேளச்சேரியில் டியூஷன் எடுத்துத்தான் ஓட்டினேன். அப்புறம் ஒருநாள் வைவா என்ற வாய்மொழித் தேர்வு: யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம், முடிந்ததும் சமோசா, காபி. பிரிட்டனில் இதே வைவா மூடிய அறைக்குள், பெரும்பாலும் இரண்டு தேர்வாளர்களோடு மட்டும் நடக்கும். நண்பனுக்கோ தேர்வு முடிந்ததும் லேப் ஆட்களே அட்டையில் தொப்பி செய்து, அதன்மேல் அவன் உடைத்த குடுவையின் கழுத்தை ஒட்டி, தலையில் மாட்டி, வண்டியில் வைத்து ஊர்வலமாக இழுத்துப் போனார்கள். அந்த ஊர் வழக்கப்படி வாத்துக்காரப் பெண் சிலையில் ஏறி முத்தமும் கொடுத்தான்.

மதிப்பு என்கிறீர்களே, இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரன் 1947இல் மெட்ராஸ் பல்கலைக்கழக டி.எஸ்ஸி. (அறிவியல் முனைவர் பட்டம்), 1949இல் கேம்பிரிட்ஜ் பிஎச்.டி. என்று இரண்டும் வைத்திருந்தவர். தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் மும்மைச் சுருள் அமைப்பை 1954இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் சொன்னது சென்னையிலிருந்துதான்.

என்னைக் கேட்டால் நாட்டைவிட கைடு முக்கியம். எந்த லேபில் சேர நினைக்கிறீர்களோ அங்கே போய், கைடைப் பார்ப்பதற்கு முன் ஐந்தாம் வருஷ ஸ்காலர் ஒருவரை டீக்கடைக்குக் கூட்டிப் போங்கள். இதற்கு முன் முடித்த மூன்று பேருக்கு எத்தனை வருஷம் ஆயிற்று, பாதியில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். டீக்குக் காசு நீங்களே கொடுத்துவிடுங்கள். அவருக்குக் கடைசியாக ஃபெலோஷிப் பணம் வந்து நாலு மாதம் ஆகியிருக்கும்.