சோடா ரொட்டியில் சோப்பு வாடை, நடுவில் வேகவில்லை: பதில்

ஈஸ்ட் இல்லாமல் சமையல் சோடாவால் உப்பவைக்கும் அயர்லாந்து ரொட்டி இது. நீங்கள் கேட்ட சோப்பு வாடையும் நடு வேகாததும் தனித்தனிப் பிரச்சினைகள். பாலில் பிசைந்ததாகச் சொல்கிறீர்கள். சோடாவை முறிக்க அதில் புளிப்பு போதாது, வாடை அதனால்தான். நன்றாகப் புளித்த கெட்டி மோர் வேண்டும். 450 கிராம் மைதாவுக்குச் சுமார் 350 மில்லி. சோடா ஒரே டீஸ்பூன், தலைதட்டி.

அப்புறம், நடு வேகாத விஷயம். பத்து நிமிடம் பிசைந்தீர்களா! இது சப்பாத்தி மாவு இல்லை, அதிகம் பிசைந்தால் இறுகிவிடும். அயர்லாந்தின் மென்கோதுமை (பசைத்தன்மை குறைந்த கோதுமை) ஈஸ்டுக்கு அவ்வளவாக ஒத்துவராது. சோடா அங்கே வேரூன்ற அதுவும் ஒரு காரணம். கையில் கொஞ்சம் ஒட்டுகிற பதத்திலேயே உருட்டி, மேலே சிலுவைக்கோடு ஆழமாகக் கீறி, உடனே ஓவனில் வையுங்கள். மோர் பட்டதுமே குமிழி கிளம்பிவிடும், காத்திருந்தால் வீண். 230 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200-இல் 30. அடியைத் தட்டினால் வெறும்பானைச் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கவிழ்த்து இன்னும் ஐந்து நிமிடம்.