கமெராவை மூடிவிட்டே சேருங்கள், தம்பி

கேள்வி: எனக்கு 31 வயது. வீடு உவர்மலையில், வேலை ரவுனில் ஒரு கந்தோரில். நாளுக்குப் பத்து, பன்னிரண்டு சிகரெட் போகும். நாலு பேர் கூடுகிற இடமென்றால் எனக்கு உள்ளங்கை வேர்த்து, குரல் அடைத்துவிடும். வெளியே போய் ஒன்றைப் பற்றவைத்தால்தான் திரும்ப உள்ளே வர முடிகிறது. சிகரெட்டை விட உதவும் இணைய நிகழ்ச்சி ஒன்றில் இரண்டு தடவை சேர்ந்தேன். முதல் தடவை “உங்களை அறிமுகப்படுத்துங்கள்” என்று கேட்டதுமே குரூப்பிலிருந்து விலகிவிட்டேன். இரண்டாம் தடவை ஒன்பது நாள் தாக்குப்பிடித்தேன். பத்தாம் நாள் ஒரு கலியாண வீட்டில் பற்றவைத்துவிட்டேன். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, பிறகு அந்தச் செயலியைத் திறக்கவே இல்லை. என்னால் இது முடியாதா?
– பெயர் வேண்டாம், திருகோணமலை

அன்புள்ள தம்பி,

முடியும். உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்: “வெளியே போய் ஒன்றைப் பற்றவைத்தால்தான் திரும்ப உள்ளே வர முடிகிறது.” அந்தக் கலியாண மண்டபத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உள்ளே மேளச் சத்தம், எங்கே திரும்பினாலும் சொந்தக்காரர், “உனக்கு எப்ப கலியாணம்?” என்ற கேள்வி. சட்டைப் பையைத் தடவிக்கொண்டு எழும்பினால் ஒருவரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். வாசலுக்குப் போக ஒரு சாட்டு, கைக்கு ஒரு வேலை, யாரோடும் கதைக்காமல் ஐந்து நிமிடம். இவ்வளவையும் அந்தச் சிகரெட் உங்களுக்குத் தந்துகொண்டிருந்தது. அதை வைத்துவிட்டு வா, வந்து முன்பின் தெரியாத ஆட்களுக்கு முன்னால் உன்னைப் பற்றிச் சொல் என்றால் ஓடத்தான் தோன்றும். மண்டபத்திலிருந்து வாசலுக்கு உங்களைத் துரத்திய அதே பயம்தான் குரூப்பிலிருந்தும் துரத்தியிருக்கிறது. இதை மனவுறுதிக் குறைவு என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

சிகரெட் பயத்தைக் குறைக்கிறது என்று உங்கள் உடம்பு நம்புகிறது. நிக்கொட்டின் சில விநாடிகளில் மூளைக்குப் போய்விடும். இரண்டு மணித்தியாலம் அளவில் இரத்தத்தில் பாதியாகிவிடும். அது குறையும்போது பதற்றமும் எரிச்சலும் வரும். அடுத்ததைப் பற்றவைக்கும்போது அடங்குவதில் பெரும்பங்கு இந்தப் பதற்றம்தான். 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் 26 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. சிகரெட்டை விட்டவர்களுக்குப் பதகளிப்பும் மனச்சோர்வும் முன்பைவிடக் குறைந்திருந்தன. முதல் சில நாள் கடுமையாகத்தான் இருக்கும். பிறகு இரண்டு, நாலு வாரத்தில் தணிந்து வரும்.

உங்களைப் போன்றவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. சிகரெட் புகை, தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனை உடம்பு வேகமாகக் கழிக்கும்படி செய்கிறது. சிகரெட்டை நிறுத்தினால் அந்த வேகம் குறைந்துவிடும். நேற்றுவரை ஒன்றும் செய்யாத அதே நாலு பிளேன்ரீ இப்போது நெஞ்சைப் படபடக்க வைக்கும். நீங்கள் அதைப் பயம் என்று நினைத்து மறுபடி பெட்டியைத் தேடுவீர்கள். ஆகவே முதல் சில வாரம் தேத்தண்ணியைப் பாதியாக்குங்கள்.

சரி, நிகழ்ச்சிக்கு வருவோம். ஆசை வந்தால் மனதைத் திருப்பு, அந்த இடத்தை விட்டு விலகு என்றுதான் பல நிகழ்ச்சிகள் சொல்லித் தருகின்றன. விலகி விலகியே களைத்துப்போன உங்களுக்கு அது மட்டும் போதாது. ஆசையும் பயமும் வந்தால் வரட்டும், அவை சொல்வதைச் செய்யாமல் அவற்றோடு கொஞ்ச நேரம் இருந்து பார் என்று பழக்குகிற முறையும் இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள பிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு நிலையத்தார் இந்த முறையில் ‘ஐகேன்குவிட்’ என்ற செயலியைச் செய்து, வழக்கமான முறைச் செயலி ஒன்றோடு 2,415 பேரிடம் ஒப்பிட்டார்கள். முடிவு 2020இல் வந்தது. ஓராண்டு கழித்துக் கேட்டபோது, அதற்கு முந்தைய 30 நாளும் சிகரெட்டைத் தொடாதவர்கள் இதில் 28 சதவீதம், மற்றதில் 21 சதவீதம். கூச்சப்படுகிறவர்களுக்கென்று செய்த ஆய்வு இல்லை அது. என்றாலும் உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

பழக ஆரம்பிக்க உங்கள் போனே போதும். வாசிக்காத செய்திகள் 47 என்றோ 60 என்றோ செயலியின் மூலையில் ஒரு சிவப்பு வட்டம் நிற்குமே, அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசையும். திறந்து, அந்தப் பிசைவோடு இரண்டு நிமிடம் இருங்கள். ஒன்றும் எழுத வேண்டாம். மூடிவிட்டு, நாளைக்கும் அதே நேரத்தில் திறவுங்கள்.

அப்புறம், நடத்துகிறவருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள்: “எனக்குக் கூட்டத்தில் கதைக்கப் பயம். முதல் இரண்டு வாரம் கமெராவை மூடிவிட்டு, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறேன்.” நல்ல நிகழ்ச்சி என்றால் இதற்கு இடம் கொடுப்பார்கள். மற்றவர்கள் எழுதுவதை வாசித்துக்கொண்டு இருப்பதும் பங்கெடுப்பதுதான். ஆனால் கடைசிவரை ஒளிந்தே இருந்தால் பயம் அப்படியே இருக்கும். மூன்றாம் வாரம் ஒருவருடைய செய்திக்குப் பெருவிரல் அடையாளம் ஒன்று, பிறகு “எனக்கும் அப்படித்தான்” என்று ஒரு வரி. கமெராவைப் பிறகு பார்க்கலாம்.

கலியாண வீட்டில் வாசலுக்குப் போவதை நிறுத்த வேண்டாம். சிகரெட் இல்லாமல் போங்கள். கைக்கு ஏதாவது வேண்டுமென்றால் ஒரு சுருள் கச்சான் வைத்திருங்கள். யாராவது பெட்டியை நீட்டினால் என்ன சொல்வதென்று அங்கே நின்று யோசிக்க முடியாது. “நான் இப்ப பத்துறேல்ல மச்சான்” என்று வீட்டிலேயே பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபையின் 1948 என்ற இலக்கத்துக்குப் போன் எடுக்கலாம். எடுக்கவே கை நடுங்கினால், சொல்ல வேண்டிய மூன்று வரியைத் தாளில் எழுதி வைத்து வாசியுங்கள். அவர்கள் உங்களைப் பார்க்கப் போவதில்லை. இந்தப் பயம் வேலையையும் வீட்டையும் கெடுக்கிற அளவுக்கு வந்தால், சிகரெட்டோடு சேர்த்து அதற்கும் ஒரு மனநல வைத்தியரைப் பாருங்கள். பயத்துக்கென்றே நல்ல சிகிச்சை இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இரவு பகல் எந்நேரமும் எடுக்கும்.

இனி அந்தப் பத்தாம் நாள். ஒன்பது நாளில் நீங்கள் தொடாமல் விட்ட சிகரெட் எப்படியும் தொண்ணூறுக்கு மேல். கலியாண வீட்டில் பிடித்தது ஒன்று. இன்றிரவு செயலியைத் திறந்து, பத்தாம் நாளுக்கு நேரே அந்த ஒன்றைப் போடுங்கள். அன்று மண்டபத்தில் உங்களோடு யார் கதைத்தார்கள், வாசலுக்கு வருமுன் என்ன கேட்டார்கள் என்று அதன் கீழே எழுதுங்கள். அதை நடத்துகிறவருக்கு மட்டும் அனுப்பினால் போதும்.

அன்புடன்,
அக்கா