பொன்னிறக் குட்டி எங்கே? (வாசகர் கேள்வி பதில்)

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் குதிரையைப் பற்றியவை. திருகோணமலையில் யாரோ லாயம் திறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், எல்லாமே போனுக்குள் புல் தின்கிற குதிரைகள்தான். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஒன்லைன் குதிரை விளையாட்டில் அமெரிக்கன் கிறீம் ட்ராஃப்ட் என்ற பாரக் குதிரை இனத்தை வளர்க்கிறேன். ஆண் பொன்னிறம், பெட்டை செம்பழுப்பு. நாலு குட்டி பிறந்தும் நாலும் செம்பழுப்பு. கேம் என்னை ஏமாற்றுகிறதா? மரபணுச் சோதனைக்குக் கேம் காசைச் செலவழிக்கலாமா?
– உயர்தர மாணவி, உப்புவெளி

பதில்: ஏமாற்றவில்லை தங்கச்சி, கணக்குத்தான் உங்களோடு விளையாடியிருக்கிறது. இந்த இனத்தின் பொன்னிறம் ஷாம்பெய்ன் என்ற ஒரே மரபணுவால் வருவது. எந்த மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாகத்தான் வரும். செம்பழுப்பு உடம்பில் ஷாம்பெய்ன் ஒரு பிரதி இருந்தாலே போதும், பொன்னிறமாகிவிடும். உங்கள் ஆணிடம் ஒரு பிரதிதான் இருக்கிறது, பெட்டையிடம் ஒன்றுமில்லை. அப்படியானால் ஒவ்வொரு குட்டிக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி, முன்னால் பிறந்தது என்ன நிறம் என்பது அடுத்த குட்டிக்குத் தெரியாது. நாலும் தவறுவதற்குப் பதினாறில் ஒன்று வாய்ப்பு. அதாவது உங்களைப் போலப் பதினாறு பேர் இதே மாதிரிச் சோடி சேர்த்திருந்தால் அவர்களில் ஒருவராவது இப்படிக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார் என்று எதிர்பார்க்கலாம்.

உங்கள் ஆணிடம் இரண்டு பிரதி இருக்க முடியாது என்பதை முதல் செம்பழுப்புக் குட்டியே சொல்லிவிட்டது, அதனால் அவனைச் சோதிக்கக் காசைக் கொட்டாதீர்கள். அடுத்து இரண்டு பெற்றோரும் பொன்னிறமாக ஒரு சோடி எடுங்கள். இருவரிடமும் ஒவ்வொரு பிரதி இருந்தால் நாலில் மூன்று பங்கு பொன்னிறம், நாலில் ஒரு பங்கு இரண்டு பிரதியுள்ளது. அங்கேதான் சோதனைக்கு வேலை இருக்கிறது, ஏனென்றால் ஒரு பிரதிக் குதிரையையும் இரண்டு பிரதிக் குதிரையையும் கண்ணால் பார்த்துப் பிரிப்பது அநேகமாக முடியாத காரியம். இரண்டு பிரதி உள்ளது கையில் வந்தால், எந்தச் செம்பழுப்புப் பெட்டையோடு விட்டாலும் குட்டி பொன்னிறம்தான்.

இன்னொன்று. சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதென்று பலொமினோ என்ற நிறக் குதிரையை வாங்கிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க அதுவும் மஞ்சள்தான், ஆனால் அது கிறீம் என்ற வேறு மரபணு. இரண்டையும் கலந்தால் எந்தக் குட்டி என்ன நிறம் என்று நீங்களே குழம்பிப்போவீர்கள். உங்கள் விளையாட்டு தோலையும் கண்ணையும் ஒழுங்காக வரைந்திருந்தால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஷாம்பெய்ன் குட்டி பிறக்கும்போது தோல் இளஞ்சிவப்பாகவும் கண் பளிச்சென்ற நீலமாகவும் இருக்கும், மயிர் பின்னால் வரப்போகும் நிறத்தைவிடக் கருமையாக இருக்கும். வளர வளர முதல் மயிர் உதிர்ந்து வெளுக்கும், தோலில் புள்ளிகள் விழும், கண் மெல்ல மெல்லத் தேன் நிறத்துக்கு வரும். கருமையாய்ப் பிறந்துவிட்டதே என்று அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள்.

கேள்வி: எனக்கு இரண்டு பிரதியுள்ள ஆண் ஒன்று கிடைத்தது. எல்லாப் பெட்டைகளையும் அவனோடே சேர்த்தேன், பிறகு அவனுடைய மகள்களையும். இப்போது லாயம் முழுக்கப் பொன்னிறம். ஆனால் உள்ளினக் கலப்பு வீதம் சிவப்பில் நிற்கிறது, குட்டிகளின் திறனும் ஏறவில்லை. எல்லாவற்றையும் விற்றுவிட்டுத் திரும்பத் தொடங்கவா?
– ஓர்ஸ் ஹில் தம்பி ஒருவர்

பதில்: முதல் கேள்வி கேட்ட தங்கச்சி இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும், ஏனென்றால் அவர் போகப்போகும் வழி இதுதான். நிறம் ஒரு மரபணு விஷயம், ஓரிரண்டு தலைமுறையில் பிடித்துவிடலாம். அரிதான இனத்தில் உண்மையான தலையிடி, சொந்தத்துக்குள்ளேயே சுற்றாமல் அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போவது என்பதுதான்.

அப்படிச் சொந்தத்துக்குள் சேர்ப்பதைத்தான் உள்ளினக் கலப்பு என்கிறார்கள். தகப்பனையும் மகளையும் சேர்த்தால் குட்டியின் உள்ளினக் கலப்பு 25 வீதம். தகப்பன் ஒன்று தாய் வேறு என்ற சகோதரங்களைச் சேர்த்தால் 12.5. ஒன்றுவிட்ட சகோதரங்கள் என்றால் 6.25. வேறு சொந்தம் எதுவும் இல்லாத வம்சத்துக்குத்தான் இந்தக் கணக்கு, உங்கள் லாயத்தில் ஏற்கெனவே எல்லாரும் சொந்தம் என்பதால் இதைவிடக் கூடத்தான் வரும்.

நிஜக் குதிரைகளிலும் கதை இதுதான். இந்த இனம் அநேகமாக முழுவதும் ஒரு பெட்டையிலிருந்து தொடங்கியது. 1911இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு பண்ணை ஏலத்தில் வாங்கப்பட்டவள், ‘ஓல்ட் கிரானி’ என்று பெயர், அதாவது எங்கள் வாயில் சொன்னால் ‘கிழவி’. அவளுடைய குட்டிகள் நல்ல விலைக்குப் போனதால்தான் ஆட்கள் இந்த நிறத்தைத் தேடத் தொடங்கினார்கள். பிறகு பெர்ஷரோன், பெல்ஜியன் போன்ற பார இனங்களின் இரத்தமும் சேர்ந்தது. 1944இல் சங்கம் அமைத்துப் பதிவேடு திறந்தார்கள், அதற்குள் டிராக்டர் வந்து குதிரைக்கு வேலையில்லாமல் போக, பதிவேடு நெடுங்காலம் தூங்கியது. 1982இல்தான் மறுபடி உயிர் வந்தது. அத்தனை சின்னக் கூட்டத்தில் ஒரு கெட்ட மரபணு நுழைந்தால் அது எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரும். பெல்ஜியன் குதிரைகளிலும் இந்த இனத்திலும் அப்படி ஒரு தோல் நோய் இருக்கிறது. தாயும் தகப்பனும் வெளியில் நல்ல சுகமாக இருப்பார்கள், இருவருமே அந்த மரபணுவை மறைவாகச் சுமந்தால் நாலில் ஒரு குட்டிக்கு நோய் வரும். தோல் உரிந்து, குளம்பு கழன்று, அந்தக் குட்டி பிழைக்காது. அதனால்தான் அங்கே இனம் பெருக்குமுன் இதற்கும் சோதிக்கிறார்கள். சில விளையாட்டுகள் இதைக்கூட உள்ளே வைத்திருக்கின்றன.

சரி, இப்போது உங்கள் லாயம். எல்லாவற்றையும் விற்காதீர்கள். அந்த ஆணை இனிமேல் மகள்மாரோடு சேர்க்காமல் ஓய்வில் விடுங்கள். திறன் கூடிய மூன்று நாலு பெட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு, உங்கள் ஆணின் பெயர் வம்சப் பட்டியலில் எங்கேயுமே இல்லாத ஓர் ஆணை வெளியே தேடுங்கள். நிறம் செம்பழுப்பாக இருந்தால்கூடப் பரவாயில்லை, நான் உங்கள் இடத்தில் இருந்தால் வேண்டுமென்றே செம்பழுப்பைத்தான் எடுப்பேன், ஏனென்றால் பொன்னிறத்துக்குப் பின்னால் எல்லாரும் ஓடுவதால் நல்ல வம்சத்துச் செம்பழுப்பு சந்தையில் விலையில்லாமல் கிடக்கும். பெட்டைகளிடம் ஷாம்பெய்ன் இருக்கிறதே, நிறம் எங்கேயும் போகாது. அதே இனத்தில் சொந்தமில்லாத ஆண் அகப்படவே இல்லை, விளையாட்டும் கலப்பை அனுமதிக்கிறது என்றால் பெல்ஜியன் பாருங்கள், அநேகம் செம்பழுப்பு என்பதால் அடி நிறம் கெடாது. கறுப்பு பெர்ஷரோன் என்றால் அடுத்த தலைமுறை நிறம் பொன்னிறமாக இராது, அதைத் திருத்த மெனக்கெட வேண்டிவரும். முதல் கலப்பில் இனவீதம் பாதி, திரும்ப அசல் இனத்தோடு சேர்த்தால் முக்கால், அப்புறம் 87.5. பொறுமை இருந்தால் வந்துவிடும்.

கேள்வி: என் மகன் விடிய மூன்றரைக்கு அலாரம் வைத்து எழும்புகிறான். என்னடா என்றால் குதிரை குட்டி போடப்போகுதாம். சாதாரண தரப் பரீட்சை வருகிறது. என்ன செய்ய?
– தாய் ஒருவர், திருக்கடலூர்

பதில்: அக்கா, அந்த விளையாட்டின் சேர்வர் ஐரோப்பாவில் இருக்கும். அங்கே நள்ளிரவில் நாள் மாறும்போது எங்களுக்கு விடிய மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை. அதுதான் அந்த அலாரம். குட்டி தானாக ஓடிப்போகாது, பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தாலும் அங்கேதான் நிற்கும், இல்லையா என்று விளையாட்டின் உதவிப் பக்கத்தை அவனையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நிஜக் குதிரையும் பெரும்பாலும் இரவில்தான் குட்டி போடும், ஆனால் பதினொரு மாதம் சுமந்துவிட்டு. இதில் சில நாளில் அடுத்த குட்டி வந்துவிடுகிறது, அதனால்தான் பெடியனுக்கு நித்திரை இல்லை. போனைப் பறிக்காதீர்கள். இரவில் மட்டும் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும். அலாரம் அடித்தால் நீங்கள்தான் எழும்ப வேண்டிவரும் என்பதையும் முதலே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: இரண்டு பிரதியுள்ள ஆண் குதிரையைத் தருவதாக ஒருவர் கேமுக்குள் செய்தி அனுப்பினார். முதலில் உண்மைக் காசு வங்கிக்குப் போட வேண்டுமாம். நம்பலாமா?
– ஐந்தாம் கட்டை வாசகர்

பதில்: வேண்டாம். உண்மைக் காசுக்குக் குதிரை விற்பதை இப்படியான விளையாட்டுகளின் விதிகள் பொதுவாகத் தடை செய்கின்றன, ஆகவே ஏமாந்தாலும் விளையாட்டை நடத்துகிறவர்களிடம் போய் முறையிட்டுப் பெரும்பாலும் பலனிராது, அதற்கு மேல் உங்கள் கணக்கும் முடக்கப்படலாம். விளையாட்டுக்குள்ளே இருக்கும் சந்தையில், அதன் காசில் மட்டும் வாங்குங்கள். உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டால் பதிலே போடாதீர்கள்.

கேள்வி: இந்தப் பாரக் குதிரையை உண்மையாகவே எங்கள் ஊரில் வளர்க்க முடியுமா, மாமா?
– ஏழாம் வகுப்பு, கிண்ணியா

பதில்: ஆசைக்கு அளவில்லை மகன்! இந்த இனத்தில் ஆண் குதிரை ஒன்று 800 கிலோவுக்கு மேல் வரும். குதிரைக்கு நாளொன்றுக்கு உடம்பு எடையில் இரண்டு வீதமளவு உலர்ந்த தீனி வேண்டும், அப்படிப் பார்த்தால் தினமும் 16 கிலோ காய்ந்த புல். தீனியைக்கூடச் சமாளிக்கலாம், வெயிலைத்தான் முடியாது. அத்தனை பெரிய உடம்பு சூட்டை வெளியே விட வியர்க்க வேண்டும், ஈரமும் வெக்கையும் சேர்ந்த ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும் ஒரு வருத்தம் வருவதுண்டு. கச்சான் காற்று அடிக்கிற ஆனி ஆடியில் எங்கள் ஊர் மத்தியானம் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும்தானே.

குதிரை பார்க்கத்தான் வேண்டுமென்றால் அப்பாவிடம் சொல்லி ஒருமுறை நெடுந்தீவுக்குப் போ. குறிகட்டுவானில் படகு ஏற வேண்டும். வெள்ளைக்காரர் காலத்துக் குதிரைகளின் வம்சம் அங்கே கட்டவிழ்ந்து திரிகிறது. உயரம் குறைந்த மட்டக் குதிரைகள்தான், ஆனால் பனை வெளியில் கூட்டமாக ஓடும். கிட்டப்போய்த் தடவப் பார்க்காதே, பின்னங்காலால் உதைக்கும். கோடையில் போனால் தண்ணீர்ப் போத்தல் கூட வைத்திரு.